வழுக்கும் கிளச்: லைனிங் ஒட்டுவதா, பழைய செட்டா, புதுசா?

மகியங்கனையில் இருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில் ஏழாவதோ எட்டாவதோ, சரியாக நினைவில்லை. மூன்றாம் கியரில் காலை அழுத்தினேன். எஞ்சின் ஊசி 3,000இல் இருந்து 4,500க்குத் துள்ளியது. வேக ஊசி இருந்த இடத்திலேயே கொஞ்சம் நின்றுவிட்டு மெல்ல இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த மச்சான் மூக்கைச் சுளித்து, "முன்னுக்குப் போற லொறிக்குப் பிரேக் எரியுது போல" என்றான். லொறி வளைவில் மறைந்து வெகுநேரமாகியும் மணம் போகவில்லை. எரிந்தது எங்கள் கார்தான்.

கார் 1.8 லீட்டர் மஸ்டா ரோட்ஸ்டர், 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை. ஓரமாக நிறுத்திவிட்டு ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடித்தோம். கிளச் ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஏறியது. மறுநாள் இறக்கம் இறங்கி மகியங்கனை, பதியத்தலாவை, மகா ஓயா, செங்கலடி என்று வீடு வந்து சேரும்வரை ஒரு சிணுங்கல் இல்லை. நம் பக்கத்து வில்லங்கமே இதுதான். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஏற்றம் என்றால் பாலம்தான். கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் கிளச்சின் குணம் வெளியே வராது. பதுளையில் இருப்பவருக்கு வீட்டு வாசலில் தெரிவது, நமக்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பால், பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது தெரியவரும்.

அதற்குப் பிறகு கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை என்று பல பக்கமும் இருந்து இதே கேள்வி என்னிடம் வருகிறது: கிளச் தட்டின் உராயும் படையான லைனிங்கை மட்டும் ஒட்டினால் போதுமா, கொழும்பில் தட்டும் அதை அழுத்தும் பிளேட்டும் சேர்ந்த பழைய செட் எடுக்கலாமா, புதுசுக்கே போகவா? ஒரே காரில் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்த முட்டாள்தனம்தான் இதை எழுத எனக்குள்ள தகுதி.

## முதலில், கிளச்தானா?

காசு எடுக்கும் முன் ஒரு சோதனை. செங்கலடி தாண்டி கரடியனாறுப் பக்கம் போனால் வெறிச்சோடிய நேர் ரோட் கிடைக்கும். நாலாம் கியரில் 50 கிலோமீற்றர் வேகத்தில் சீராகப் போய், அக்சலேட்டரை அடிவரை அழுத்துங்கள். எஞ்சின் ஊசியும் வேக ஊசியும் கைகோத்த மாதிரி சேர்ந்து ஏற வேண்டும். எஞ்சின் ஊசி மட்டும் துள்ளினால் வழுக்குகிறது. டேர்போ கார் என்றால் பூஸ்ட் ஏறும் நொடியில் அது நடக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு மூன்றாம் கியரில் கிளச்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் வழியும் உண்டு. ஒரு தரம் போதும். ஐந்தாறு தரம் செய்து காட்டும் நண்பரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். மிச்சம் இருக்கும் லைனிங்கையும் அவரே தின்றுவிடுவார்.

வழுக்கல் உறுதியானாலும் தட்டுத்தான் தேய்ந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். மலிவான காரணங்கள் இரண்டு மூன்று உண்டு.

பெடலின் தொடக்கத்தில் சில மில்லிமீற்றர் சும்மா அசையும் இடைவெளி இருக்க வேண்டும். யாராவது "பெடல் மேலே பிடிக்கட்டும்" என்று தண்டை முறுக்கி அந்த இடைவெளியை இல்லாமல் செய்திருந்தால், நீங்கள் கால் வைக்காதபோதும் கிளச் கொஞ்சம் அழுத்தப்பட்டபடியே இருக்கும். இரண்டாவது, பெடலோடு சேர்ந்த மேல் சிலிண்டருக்குள் (மாஸ்டர்) ஒயில் திரும்பும் சின்னத் துவாரம் அடைபடுவது. பிரேக் ஒயில் ஊற்ற வேண்டிய இடத்தில் எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ போனால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் இதே வேலையைச் செய்யும். கண்டுபிடிப்பது சுலபம்: கார் வழுக்கும் நிலையில் நிறுத்தி, கியர்பொக்ஸ் பக்கம் இருக்கும் கீழ் சிலிண்டரின் (ஸ்லேவ்) காற்றெடுக்கும் நிப்பிளைத் தளர்த்துங்கள். பெடலை யாரும் மிதிக்காமலே ஒயில் பீறிட்டு வந்து, அதன்பிறகு பிடிப்பும் திரும்பினால், உங்கள் கிளச் தட்டு நல்லாத்தான் இருக்கிறது. சிலிண்டரையும் குழாயையும் மாற்றினால் போதும்.

ரோட்ஸ்டர் வைத்திருப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் காரில் கீழ் சிலிண்டர் கசிவது பேர்பெற்ற வருத்தம். அப்போது பெடல் தரையோடு போகும், கியர் விழ மறுக்கும். அது வழுக்கலுக்கு நேர் எதிரான கோளாறு. கியர்பொக்ஸைத் தொடாமலே அதைச் சரிசெய்யலாம். "கிளச் போயிட்டுது" என்று ஒரே சொல்லில் இரண்டையும் சொல்லி கராஜில் விடுவதால் தேவையில்லாமல் பொக்ஸ் இறங்கிய கார்கள் உண்டு.

கடைசியாக, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் மணிக்கூட்டின் (பெல் ஹவுசிங்) அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மணந்து பாருங்கள். கியர் ஒயில் கந்தக நெடி அடிக்கும். எஞ்சின் ஒயில் அப்படி அடிக்காது. எஞ்சின் ஒயில் என்றால் பின் சீல் போய் தட்டில் ஒயில் படிகிறது. இந்த ஈரத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டதுதான் என் கதை.

## எதை வைத்து எடைபோடுவது?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது கிளச்சுக்காகவே சொன்ன பழமொழி. தட்டின் விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ரோட்ஸ்டரில் தட்டைக் கண்ணால் காண வேண்டுமென்றால் சைலன்சரின் முன்பாகம் கழர வேண்டும், புரொபெல்லர் ஷாஃப்ட் கழர வேண்டும், கியர்பொக்ஸையும் பின் டிஃபரன்ஷலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் கழர வேண்டும். கையே போகாத மேல் போல்ட்டுகளுக்கு மூன்று எக்ஸ்டென்ஷனைக் கோத்துக்கொண்டு ஒருவர் காருக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வேண்டும். பழகிய கைக்கே ஒரு முழு நாள் வேலை. ஆகவே என் முதல் அளவுகோல் இது: இந்த வழியில் போனால், அடுத்த மூன்று நான்கு வருடத்தில் கியர்பொக்ஸ் எத்தனை தரம் இறங்கும்?

இரண்டாவது, கார் எங்கே ஓடும். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் மட்டும் ஓடும் காருக்கும், மாதம் ஒருமுறை மலையேறும் காருக்கும் ஒரே பதில் இல்லை. கடற்கரை மணலில் இறக்குபவரானால் அது தனிக் கணக்கு. பாசிக்குடாவில் மணலில் புதைந்த காரை அரைக் கிளச்சில் உறுமவிட்டு எடுப்பது, சில நிமிடத்தில் பல ஆயிரம் கிலோமீற்றர் தேய்மானத்தைத் தின்னும்.

மூன்றாவது, பாட்ஸ் வரும்வரை கார் ஸ்டாண்டில் நிற்கும் நாட்கள். உங்களுக்கு இது இரண்டாவது காரா, வேலைக்குப் போகும் ஒரே காரா? நான்காவது உங்கள் இடது கால். பாரமான பெடல் வெள்ளிக்கிழமைப் பகல் காத்தான்குடி நெரிசலில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும்.

கார் எவ்வளவு காலம் உங்களிடம் இருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரைப் பேணக் கற்றுக்கொண்டோம். வாங்க வருபவரும் நாலாம் கியர்ச் சோதனையைக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்.

## சும்மா விட்டு, பார்த்து ஓட்டுவது

கைச்செலவு இல்லை என்பதுதான் இதன் ஒரே அழகு. மெதுவாக, குறைந்த அக்சலேட்டரில் போனால் தட்டையான ரோட்டில் வாரக்கணக்கில் ஓடும். ஆனால் ஒவ்வொரு வழுக்கலும் வெப்பம். வெப்பம் தட்டோடு நிற்பதில்லை. எஞ்சினோடு சுழலும், தட்டு உரசும் பாரச் சக்கரமான பிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகள் விழும், நுண்ணிய வெடிப்புகள் வரும், தட்டை அதோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தன் விறைப்பை இழக்கும். லைனிங் தீர்ந்து ரிவெட்டுத் தலைகள் இரும்பில் உரசத் தொடங்கினால் தட்டின் விலையோடு முடிந்திருக்க வேண்டியது பிளைவீல் விலையையும் சேர்த்துக் கேட்கும்.

பாட்ஸ் ஓடர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு இது சரி. அதற்கு மேல் இது ஒரு வழியே இல்லை.

## தட்டுக்கு லைனிங் ஒட்டுவது

பழைய தட்டில் இருந்து தேய்ந்த லைனிங்கை எடுத்துவிட்டுப் புதியதை ரிவெட்டு அடித்துக் கொடுக்கும் பட்டறைகள் நம் பக்கத்தில் உண்டு. லொறிக்கும் டிரக்டருக்கும் கைபழகியவர்கள். அவர்கள் கையில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடியும், காசும் குறைவு. பாட்ஸ் கிடைக்காத அபூர்வமான காருக்கு இது கடைசித் துணை.

நான் முதலில் போனது இந்த வழிக்குத்தான். பட்டறைக்கார நானா தட்டைக் கையில் வாங்கி, விரல் நகத்தை ரிவெட்டுக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். பல ஜப்பான் கார்களின் கையேட்டில் ரிவெட்டுத் தலைக்கு மேல் லைனிங் 0.3 மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும் என்று இருக்கும். என் தட்டில் ஒரு பக்கத்தில் நகம் தட்டவே இல்லை. "தம்பி, பிளேட்டை நான் ஒட்டித் தாறன். அதைப் பிடிக்கிற ஸ்பிரிங்குக்கு நான் என்ன செய்ய?" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் முழு விசயமும் இருக்கிறது. கிளச்சின் பிடிப்பு மூன்றால் வருகிறது: லைனிங்கின் உராய்வு, தட்டின் விட்டம், பிரஷர் பிளேட் அழுத்தும் பலம். லைனிங் ஒட்டும்போது முதலாவதை மட்டுமே புதுப்பிக்கிறோம். அதையும் கார்க் கம்பனி போட்ட அதே உராய்வில் புதுப்பிக்கிறோமா என்பது ஒட்டும் பொருளின் தரத்தைப் பொறுத்தது. லொறிக்கு ஏற்ற லைனிங் 2,000 சுற்றில் இழுக்கும் எஞ்சினுக்கானது. 7,000 சுற்று வரை போகும் ஸ்போர்ட்ஸ் எஞ்சினில் தட்டு சுழலும் வேகம் வேறு, லைனிங்கைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசையும் வேறு. தட்டின் நடுவில் இருக்கும் அதிர்வு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் அவையும் அப்படியே திரும்பி வரும்.

எனக்கு ஐந்து மாதம் ஓடியது. முழுப் பழியையும் லைனிங் மேல் போட முடியாது. கராஜ் பாஸ் அடியில் படுத்துக்கொண்டே, "மனே, பின் சீல் கசியுது. பொக்ஸ இறக்கினாப் பிறகு கஞ்சத்தனம் பாக்கப்படா" என்றார். நான் பார்த்தேன். அந்தச் சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம். அதை மாற்றாமல் விட்டதால், ஒட்டிய புது லைனிங் ஐந்து மாதமாக ஒயிலை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

யாருக்குப் பொருந்தும்? தட்டின் விட்டமும் பல்லும் வேறெதோடும் பொருந்தாத, செட் கிடைக்காத கார் வைத்திருப்பவருக்கு. கண்காட்சிக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கும் காருக்கு. மற்றவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## பழைய ஜப்பான் செட்

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் ஜப்பானில் கழற்றிய எஞ்சின்களோடு வந்த கிளச் செட்டுகள் கிடைக்கும். தட்டும் பிரஷர் பிளேட்டும் சோடியாக, அசலாக இருக்கும். விலை புதுசைவிடக் குறைவு. கடைக்காரர் இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் காலையில் இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

என் இரண்டாவது முயற்சி இதுதான். பெட்டியைத் திறந்தபோது தட்டு தடிப்பாக இருந்தது, மகிழ்ச்சி. பிரஷர் பிளேட்டை மேசையில் குப்புற வைத்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அதன் நடுவில் பூவிதழ் மாதிரி விரல் விரலாக வெட்டிய ஸ்பிரிங் இருக்கும். எல்லா விரல் நுனியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். என்னுடையதில் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. பூட்டி முதல் கியரில் எடுத்ததும் கார் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. வழுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் அந்த நடுக்கம்.

இந்த வழியின் மறைந்த செலவு அதுதான்: உங்கள் கார் எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியும், அந்த ஜப்பான் கார் எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் கொழும்புக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். கடையில் நேரில் நின்று பார்த்து வாங்க முடிந்தால் மட்டும் இதை யோசியுங்கள். பார்க்க வேண்டியவை: லைனிங் முகத்தில் ஒயில் கறுப்பு இருக்கக்கூடாது, உலோக முகத்தில் நகத்தை ஓட்டினால் வரி தட்டக்கூடாது, நீலத் திட்டு இருக்கக்கூடாது, விரல்கள் மட்டமாக இருக்க வேண்டும், தட்டின் அதிர்வு ஸ்பிரிங்குகள் கையால் ஆட்டினால் கலகலக்கக்கூடாது. கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கை மட்டும் எப்படியும் பழையது வாங்க வேண்டாம். சின்னச் சாமான், ஆனால் அது கத்தத் தொடங்கினால் மறுபடி அதே பொக்ஸ் இறக்கம்.

ஓராண்டுக்குள் காரை விற்கும் எண்ணம் இருந்தால், நல்ல பழைய செட் நியாயமான தேர்வு. அல்லது முழு எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்த்து வாங்கும்போது கூடவே வருவதை, பார்த்துவிட்டுப் பூட்டலாம்.

## புதுச் செட்

தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றும் ஒரே பெட்டியில். எக்செடி, ஐசின், வலெயோ, லுக் போன்ற பெயர்களைப் பாட்ஸ் கடைகளில் எல்லோருக்கும் தெரியும். பெயரைவிட எண் முக்கியம். முதலாம் தலைமுறை ரோட்ஸ்டரின் 1.6 எஞ்சினுக்கு 200 மில்லிமீற்றர் தட்டு, 1.8க்கு 215. "ரோட்ஸ்டர் கிளச்" என்று மட்டும் சொல்லி ஓடர் கொடுத்தால், பிளைவீலில் போல்ட் துவாரம் பொருந்தாமல் காரை ஸ்டாண்டில் விட்டுவிட்டு இன்னொரு வாரம் காத்திருக்க நேரும். சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் குறியீட்டையும் கொடுத்து எடுங்கள். போலிப் பெட்டிகளும் சந்தையில் உண்டு. பெட்டியின் எழுத்தைவிட, தட்டின் ரிவெட்டு வரிசையும் பிரஷர் பிளேட்டில் குத்திய எண்ணும் தெளிவாக இருக்கிறதா பாருங்கள்.

இந்த வழியில் கைச்செலவு அதிகம், மறைந்த செலவு குறைவு. ஆனால் புதுச் செட் வாங்கியவர் மூன்று இடத்தில் அதைக் கெடுக்கலாம்.

முதலாவது பிளைவீல். வழுக்கித் திரிந்த காரின் பிளைவீல் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கும், அல்லது திட்டுத்திட்டாக இருக்கும். லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். சில பிளைவீல்களில் பிரஷர் பிளேட் உட்காரும் இடமும் தட்டு உரசும் இடமும் வேறு வேறு மட்டத்தில் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் கடைந்தால் அழுத்தும் பலம் மாறிவிடும். இரண்டையும் ஒரே அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரட்டைப் பிளைவீல் (டூவல் மாஸ்) உள்ள ஐரோப்பியக் கார் என்றால் லேத் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அதற்குத் தனிச் சோதனை, பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி, அப்போது பட்ஜெட்டே வேறு.

இரண்டாவது சீல்களும், கியர்பொக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பெயாரிங்கும். என் கதையைத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது பூட்டும் கை. தட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு; மாறிப் பூட்டினால் கியர் விழாது. கியர்பொக்ஸின் பல் தண்டுக்கு கிரீஸ் விரல் நுனியில் தொட்டுத் தடவும் அளவுதான்; கூடினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் போய் ஒட்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை நட்சத்திரம் மாதிரி எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். தட்டை நடுவுக்குக் கொண்டுவர ஒரு பிளாஸ்டிக் குச்சி செட்டோடு வரும். எங்கள் பாஸிடம் அது இல்லாத காலத்தில், வேப்பங்கொம்பைச் சீவி, பெயாரிங்குக்குள் இறுகும் வரை இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார். அந்தக் கொம்பு இன்னும் பெட்டியில் இருக்கிறது, பிளாஸ்டிக்கைவிட நன்றாகப் பொருந்துகிறது என்று அவர் சாதிப்பார்.

இன்னொன்று: கழற்றிய இடத்தில் கொம்ப்ரசர் காற்றடித்துத் தூசியை ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

புதுக் கிளச்சைப் பூட்டிய அன்றே ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஏறக்குறைய 800 கிலோமீற்றருக்குக் காலை அடக்குங்கள். கல்முனைக்குப் போய்வந்தால் எண்பது, பத்துத் தரம். நின்று நின்று எடுக்கும் ஊர் ஓட்டம்தான் லைனிங்கை முகத்தோடு முகம் சேரவைக்கும். ஒரே மூச்சில் கொழும்புக்குப் போய்வந்து 600 கிலோமீற்றர் ஆயிற்று என்றால் அது கணக்கில் வராது.

## பலமான கிளச்

இளவட்டத்தின் கேள்வி எப்போதும் இதில் வந்து நிற்கும்: "அண்ணே, எப்படியும் இறக்கிறம்தானே, ஸ்டேஜ் டூ போட்டா என்ன?" அசலைவிடப் பலமான கிளச்சைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

எஞ்சின் இழுவையைக் கூட்டியிருந்தால், பூஸ்ட் ஏற்றிய மிட்சுபிஷி எவோ அல்லது சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் என்றால், போடத்தான் வேண்டும். அசல் கிளச் அசல் இழுவைக்குக் கொஞ்சம் மேலே மட்டும் தாங்கும். ஆனால் எதையும் கூட்டாத ரோட்ஸ்டருக்கோ ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கோ இது சும்மா கால் வலி. செராமிக் துண்டுகள் வைத்த தட்டு சுவிச் மாதிரி பிடிக்கும். அரைவாசி என்ற நிலையே இல்லை. தட்டு பிடிக்கும்போது தோளைக் குலுக்கும். பாரமான ஸ்பிரிங்கைத் தள்ள சிலிண்டர், குழாய், ரிலீஸ் கவை எல்லாம் கூடுதல் பாடுபடும். கிராங்கின் பக்கவாட்டுப் பெயாரிங்கும் அந்தப் பாரத்தைச் சுமக்கும். வழுக்க வேண்டிய இடத்தில் கிளச் வழுக்காவிட்டால், அடுத்தது கியர்பொக்ஸ் பல்.

தெருவில் ஓடும் காருக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு வேண்டுமென்றால், பாரமான பிரஷர் பிளேட்டோடு சாதாரண லைனிங் தட்டு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | பொக்ஸ் மறுபடி இறங்கும் வாய்ப்பு | கார் நிற்கும் காலம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| சும்மா ஓட்டுவது | இல்லை | எப்படியும் ஒருதரம் இறங்கும் | இல்லை | பிளைவீல், பிரஷர் பிளேட் | பாட்ஸுக்குக் காத்திருப்பவர் |
| லைனிங் | மிகக் குறைவு | அதிகம் | ஓரிரு நாள் | இரண்டாம் கூலி | செட் கிடைக்காத கார் |
| பழைய செட் | நடுத்தரம் | பார்த்து வாங்காவிட்டால் அதிகம் | சில நாள் | நடுக்கம், திருப்ப முடியாமை | விற்க இருப்பவர் |
| புதுச் செட் | அதிகம் | மிகக் குறைவு | ஓரிரு வாரம் | லேத், சீல் | வைத்து ஓட்டுபவர், மலையேறுபவர் |
| பலமான செட் | மிக அதிகம் | நடுத்தரம் | பல வாரம் | கால், கியர்பொக்ஸ் | எஞ்சின் பலம் கூட்டியவர் |

## ஊரிலா, கொழும்பிலா?

பலர் காரை, கார் சுமக்கும் கெரியர் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். ரோட்ஸ்டர், ஸ்விஃப்ட் ஸ்போர்ட், சிவிக் போன்றவற்றுக்கு அது வீண் செலவு. நம் ஊர் பாஸ்மார் இறக்காத கியர்பொக்ஸா? பாட்ஸை நீங்கள் சரியாக வரவழைத்துக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். பக்கத்தில் நிற்க முடிவதுதான் ஊரில் செய்வதன் பெரிய இலாபம். கழற்றிய தட்டை அந்த இடத்திலேயே கையில் வாங்கிப் பார்க்கலாம்.

சில கார்களுக்கு அந்தக் காரைப் பழகிய கை வேண்டும். மஸ்டா ஆர்எக்ஸ்-8இல் பிளைவீலைக் கழற்ற 54 மில்லிமீற்றர் ஒற்றை நட் ஒன்று நடுவில் நிற்கும்; அதற்கான சொக்கெட் இல்லாமல் உளியும் சுத்தியலும் எடுக்கும் கராஜில் இருந்து காரைத் தள்ளிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள். எவோ 4 முதல் 9 வரை கிளச் தள்ளும் வகையல்ல, இழுக்கும் வகை. பொக்ஸை இழுப்பதற்கு முன் பெயாரிங்கை ஸ்பிரிங்கில் இருந்து விடுவிக்கத் தெரியாதவர் கவையை வளைத்துவிடுவார். ஹொண்டா சிஆர்-ஸீயில் ஹைபிரிட் மோட்டார் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய பற்றரியின் சுவிச்சை நிறுத்தாமல் யாரும் கை வைக்கக்கூடாது. இந்த மூன்றுக்கும், ஊரில் முன்பு செய்த ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், கெரியர் கூலியைக் கொடுங்கள்.

## அதுவரை ஓட்ட வேண்டியிருந்தால்

கல்முனைப் பட்டினத்தை ஒன்பது மணிக்குக் கடக்க வேண்டாம், ஆறரைக்குக் கடந்துவிடுங்கள். முதல் கியரில் எடுத்ததும் கிளச்சை முழுதாக விட்டுவிட்டுப் பிறகு அக்சலேட்டர். பெடலில் காலை வைத்தபடி ஓட்டும் பழக்கம் இருந்தால் இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வையுங்கள், நான் அப்படித்தான் நிறுத்தினேன். உயர்ந்த கியரில் காலை அடித்து முந்தப் பார்க்க வேண்டாம். ஒரு கியர் இறக்கினால் கிளச்சுக்குச் சுமை குறையும். வெள்ளம் நிற்கும் ரோட்டில் இறக்காதீர்கள். மணிக்கூட்டுக்குள் தண்ணீர் போனால் இருக்கும் பிடிப்பும் போய்விடும்.

எரிந்த மணம் வந்தால் நிறுத்தி, அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். ஆறியதும் பிடிக்கும். பிடித்துவிட்டதே என்று மலைப்பக்கம் மட்டும் திருப்ப வேண்டாம்.